கிளிப்பிள்ளைக்குச் சொன்னது

ஓல்டன் நிலையத்துத் தண்டவாளங்களைப் பார்த்த மூன்றாம் மாடிக்கு
தை மாதத்தில் வந்து சேர்ந்தது கஸ்பார்.
சாம்பல் உடம்பு, சிவந்த வால்.
பக்கத்து வீட்டு ஹுன்சிக்கர் அம்மா
பராமரிப்பு இல்லத்துக்குப் போகையில்
தபால்பெட்டிச் சாவியோடு சேர்த்துத் தந்துவிட்டுப் போனார்.
அவர் இருமலை அது இருமும்.
அவருடைய மைக்ரோவேவ் போல மூன்று தரம் ஒலிக்கும்.
நான் தூங்கும் பகல்களில்
யாரோ சோறு சூடாக்கி, யாரோ இருமி,
ஒருவரும் சாப்பிடாமலே பொழுது போகும்.

பொதிகள் தரம்பிரிக்கும் இரவு வேலை முடிந்து
காலை ஆறரைக்கு வந்து விளக்கைப் போட,
சூரியகாந்திக் கோதுகளுக்கு நடுவே ஓர் இறகு.
உதிர்காலம் என்று நினைத்தேன்.
மறுநாள் நாலு.
அந்தக் கிழமை முடிவதற்குள் நெஞ்சில்
ஐந்து பிராங்க் காசளவு வெறுந்தோல்,
கடையில் தொங்கும் கோழியைப் போலவே.
அப்படி ஒப்பிட்டதற்கு என்னை நானே ஏசிக்கொண்டேன்.

"ஐயோ, விடு!"
அலகு நெஞ்சுக்குப் போகும்போதெல்லாம்
குசினியிலிருந்து, ஈரத் தலையோடு, அரைத் தூக்கத்தில்
ஓடிவந்தேன்.
கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல்
கிளிப்பிள்ளைக்கே சொன்னேன்.

பங்குனியில் ஒரு காலை
கதவுக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நிற்கிறேன்.
உள்ளே என் குரல்: "ஐயோ, விடு!"
பிறகு, நூல் அறுவதுபோல் ஒரு சின்னச் சத்தம்.
பிறகு அமைதி.
யாராவது ஓடி வருகிறார்களா என்று
அது காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த அமைதி.

மிருக வைத்தியர் ஃப்ளூக்கிகர் முதலில் இரத்தம் எடுத்தார்.
உண்ணி இல்லை, பூஞ்சை இல்லை.
ஈரலில் கொழுப்பு; விதையைக் குறை, கீரை கொடு.
அதோடு நோயை விட்டுவிட்டு
நாளைக் கேட்கத் தொடங்கினார்.
எத்தனை மணி நேரம் இருட்டு?
ஹீட்டர் எவ்வளவு தூரம்?
இதற்கு ஒரு நாளில் எவ்வளவு நேரம் வேலை?
வேலையா?
"காட்டில் தேடித் தேடித்தான் தின்னும்.
நீங்கள் கிண்ணத்தில் போட்டுவிடுகிறீர்கள்.
மிச்சப் பொழுதுக்குத் தேட
தன் உடம்புதான் இருக்கிறது.
பிடுங்கினால் ஆள் ஓடிவரும் என்பது
அதுவாகக் கண்டுபிடித்த அழைப்புமணி."
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்,
கிளியை ஒற்றையாய் வளர்க்க
இந்த நாட்டுச் சட்டம் இடம்கொடாது என்று.
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
மனிதர் விஷயத்தில்
அப்படியொரு சட்டம் இல்லை.

மாலை வேலைக்கு மாறினேன், மாதம் முந்நூறு பிராங்க் நட்டம்.
கூண்டை ஹீட்டரை விட்டு நகர்த்தினேன்.
வெதுவெதுப்பான நீரைப் பனிபோல் தெளித்தால்
சிறகை விரித்துக் கொடுக்கும், முதல் நாள் மட்டும் திட்டிற்று.
வேலைத்தலத்தில் நசுங்கிய பெட்டிகளைக் கொண்டுவந்து
அட்டைக்குள் அட்டை, அதற்குள் தாள், தாளுக்குள் ஒரு வாதுமை.
எல்லாம் சுலபம்.
ஓடாமல் இருந்ததுதான் கடினம்.
நூல் அறும் சத்தம் கேட்க
தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
நூறுவரை எண்ணினேன்.
அட்டையைக் கிழிக்கும் சத்தத்துக்கு ஓடினேன்,
"என்ன செய்கிறாய் கஸ்பார்?" என்று
வியந்து வியந்து.

வைகாசியில் முட்குருத்துகள் எட்டின.
ஆனியில் ஐந்தைப் பிடுங்கிவிட்டது.
சில வேர்கள் இனி முளையா என்றார் வைத்தியர்,
ஆறுதலாக ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஆவணியில் லிஸ்பெத் வந்தாள்.
பதினாலு வயது, ஒரு கால் நொண்டி, பேச்சே கிடையாது.
இரண்டு கிழமை இரண்டு கூண்டு.
மூன்றாம் கிழமை ஒரே கொம்பில், ஒரு முழம் தள்ளி.
பிறகு ஒரு சாண்.

நேற்று மாலை, வேலைக்குக் கிளம்புகையில்,
லிஸ்பெத் குனிந்து அவன் பிடரியில் அலகை வைத்தாள்.
பழக்கத்தில் என் தொண்டை திறந்தது.
எனக்கு முந்தி, என் குரலிலேயே, கஸ்பார்:
"ஐயோ, விடு."
அவள் விடவில்லை.
"ஐயோ, விடு" என்றான் மறுபடி,
கண்ணை மூடிக்கொண்டு,
தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்து.